கோட்டை மேல் ஒரு குடும்பப் படம்

ரிஃப்கா அத்தாவுக்கு,

தேக்சாவில் நெய்ச்சோறும் தூக்குவாளியில் தாளிச்சா குழம்பும் வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா வீட்டார் வேனோடு வந்ததும் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டைப் பூட்ட மறக்காதீர்கள்.

போன வருஷம் திருமயம் கோட்டையில், "நீ கீழயே இரு, குரங்கு சோத்தைத் தூக்கிடும்" என்று என்னை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் மலையேறினீர்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தக் குடும்பப் படத்தில் நான் மட்டும் இல்லை. நேற்று அதைச் சொன்னதற்கு, "நீ ஏறி என்னத்தைப் பாக்கப் போற" என்றீர்கள்.

பார்க்கத்தான் உங்களுக்கு முன்னால் முதல் பஸ்ஸில் அதே கோட்டைக்குப் போகிறேன். மேலே பீரங்கிப் பக்கத்தில் இருப்பேன். இன்றைக்குச் சோற்றுக்கு நீங்கள் காவல்.

கமருன்னிஸா

குரங்கு வந்தால் கம்பைக் காட்டினால் போதும்.

நம் மகள் ரிஃப்காவைப் போனோடு மேலே அனுப்புங்கள். படத்தில் யார் யார் நிற்பது என்று நான் சொல்கிறேன்.