டாக்டரம்மாவிடம் சொல்லாமல் விட்டது

ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் இன்று காலை யாரோ பீடி பற்றவைத்தார். என் கை தானாக உன் கையைத் தேடியது. அந்த வாடை வந்தால் நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய்; நகம் பதியும். "ஒனக்கு நகம் வெட்டிவிடவே நான் தனியா ஓ.டி. பாக்கணும் போலட்டி" என்று கத்துவேன்.

ஏன் பிடிக்கிறாய் என்பதை நம் கம்பெனி ஹாஸ்டல் அறையில் ஒரு மழைநாளில் சொன்னாய். உன் அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர் பீடியால் சுட்ட தழும்பைக் காட்டினாய். சின்ன வயதில் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாயாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "யார்ட்டயும் சொல்லிப்புடாதட்டி. கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா, வீட்டுப் பிரச்சினைன்னு சீட்டக் கிழிச்சிருவாரு."

அது நம் எல்லோருக்கும் மனப்பாடம்தானே. வேலைக்குச் சேரும்போது வீட்டைப் பற்றிக் கேட்டால், "ஒண்ணுமில்ல சார், நல்ல குடும்பம்." புதிதாக வருகிறவளுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

கம்பெனி வேன் கவிழ்ந்து உன் தலையில் அடிபட்டது. ரத்தக்கட்டு கரைந்துவிட்டது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் இரண்டு மாதமாகியும் நீ வார்த்தை தேடித் தவித்தாய். தட்டு விழுந்தால் அலறினாய். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சின்ன வயசுல இந்தப் பொண்ணு அடி, பயம்னு ஏதாவது பட்டிருக்காம்மா? அப்படி வளந்தவங்களுக்குத் தலைக்காயம் ஆற லேட்டாகலாம். தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பாத்துக்கலாம்."

"ஒண்ணுமில்ல மேடம், நல்ல குடும்பம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"அப்போ அம்மா வீட்லயே கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் அவர்.

திருநெல்வேலி பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டபோது உனக்குப் பேச்சு வரவில்லை. என் மணிக்கட்டை மட்டும் பிடித்தாய். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

நீ தூங்குவதே இல்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். அடுத்த முறை, வலிப்பு வருகிறது என்றாள். மூன்றாவது போனில் அவள் பேசவில்லை, அவள் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர் பேசினார். "முடிஞ்சி போச்சும்மா" என்றார்.

போன வாரம் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டவாவது செய்யட்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த வீட்டுக்கு நான் அனுப்பியே இருக்க மாட்டேனேம்மா" என்றார்.

உன்னை அனுப்பியது நான்தான். இதைச் சொல்லி அழ எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை.