சறுக்குக்கட்டையில் எழுதிய பெயர்கள்

அன்பு மகள் ரின்ஸ்கேவுக்கு அப்பா டவ்வே எழுதுவது.

எழுத்து மேலும் கீழுமாக அலைந்தால் பொறுத்துக்கொள் அம்மா, எதிர்காற்றில் படகு போவது போலத்தான் இன்னும் பேனா என் கையில் போகிறது. இங்கே குளிரைத் தவிர எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை, கனடாவில் நீயும் மருமகனும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இதுவரை வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியது, அதில் பாதியை அவள் விழுங்கிவிடுவாள் என்பது படிக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இது முழுக்க என் கை. படகில் பிறந்தவனுக்குப் பள்ளிக்கூடம் ஏது, அது ஓர் ஊரில் நிற்கும், நாங்கள் நிற்க மாட்டோம். இந்த இலையுதிர் காலத்தில்தான் அம்மா என்னைச் சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். எழுத வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படகுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்துக் கோழிக்கூண்டில் கோழி என்றும் வாளியில் வாளி என்றும் எழுதினேன். தெருவில் போகிறவர்கள் நின்று படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். "நல்லவேளை, என் நெத்தியில பெண்டாட்டின்னு எழுதாம விட்டீங்களே" என்றாள் அம்மா.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். அதை நீங்களே எழுதுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் சகோதர சங்கம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வது உனக்குத் தெரியும், பள்ளிப் புத்தகம், மேல்படிப்புக்குப் போகிறவனுக்கு விடுதிச் செலவு, குளிர்காலத்தில் பனிக்கட்டியில் சறுக்கக் காலில் கட்டும் இரும்பு வைத்த சறுக்குக்கட்டை. எதைக் கொடுத்தாலும் கொடுத்த கை தெரியக்கூடாது என்று சத்தியம் செய்துதான் சங்கத்தில் சேர்ந்தோம். அதனால் புனித நிக்கோலாஸ் திருநாள் மாலையில் பொட்டலத்தை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவோம். அன்றைக்கு எல்லா வீட்டு வாசலிலும் புனிதர் பெயரில் பரிசு கிடக்கும், எதை யார் வைத்தது என்று யார் கண்டார்கள். இந்த வருடம் கட்டைகளின் இரும்பைத் தீட்டிக் காகிதம் சுற்றுவது என் வேலை. தீட்டி முடித்ததும் சும்மா இருக்காமல் மரத்தின் மேல் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சிவப்பில் எழுதினேன். தன் பெயரைப் பார்த்தால் பிள்ளை பூரித்துப்போகும் என்று நினைத்தேனே தவிர, அந்தக் கோணல் எழுத்து யாருடையது என்று ஊருக்கே தெரியும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கால்வாய் உறைந்ததும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பனிக்கட்டியில் இறங்கினார்கள். பால் தொழிற்சாலையில் கால் முறிந்து வீட்டில் கிடக்கிறவரின் மகள் சீட்ஸ்கேயும் இறங்கினாள். ஒரு பயல் அவள் கட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "டேய், கோழிக்கூண்டு எழுத்துடா! இது புனிதர் குடுத்ததில்ல, சங்கத்துத் தர்மம்" என்று கத்தியிருக்கிறான். அவள் கட்டைகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலுறையோடு பனிக்கட்டி மேல் நடந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அவள் அம்மா நம் வாசலுக்கு வந்து, "எங்க வீட்டுக் கஷ்டம் எங்க வீட்டுக்குள்ள இருந்துச்சு பெரியவரே, இப்ப அது ஊர் முழுக்கச் சறுக்கிட்டுப் போவுது" என்றார். சத்தம் போட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் சொன்னார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் ரின்ஸ்கே.

சங்கத்திலிருந்து விலகிவிடுகிறேன் என்று தலைவர் வீபேயிடம் போய்ச் சொன்னேன், நம்ம ரொட்டிக்கடை வீபேதான். "நீ விலகினா உன் வெட்கம் போகும், அந்தப் பிள்ளைங்க வெட்கம் போகுமாய்யா? போய்ப் பெயிண்ட் டப்பாவ எடுத்துட்டு வா" என்றார். சனிக்கிழமை கால்வாய் நடுவில் முக்காலி போட்டு என்னை உட்காரவைத்து, தன் பேத்தியின் புதுக் கட்டையை முதலில் நீட்டினார். பிறகு டாக்டர் வீட்டுப் பையன்கள் வந்தார்கள், ஒருவன் தொப்பியிலும் எழுதச் சொன்னான். மதியத்துக்குள் பனிக்கட்டி முழுக்க என் கோணல் எழுத்துதான் ஓடியது, எது சங்கத்துக் கட்டை என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் சீட்ஸ்கே வந்தாள். அவள் கட்டையில் இருந்த பெயரைக் கத்தியால் சுரண்டியிருந்தாள். நான் தூரிகையை எடுத்தேன். "வேணாம் தாத்தா, என் பேரு எல்லாருக்கும் தெரியும்" என்றாள். தூரிகையைத் திரும்ப டப்பாவில் போட்டேன். பிறகு, "பட்டைய மட்டும் இறுக்கிக் கட்டிவிடுங்க, எனக்கு விரல் விறைச்சுப்போச்சு" என்று காலை நீட்டினாள். என் கையெல்லாம் சிவப்பு. கால்சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, அங்கே இதைவிடக் குளிராமே. மருமகனைக் கோபிக்காதே. கர்த்தர் உங்களைக் கைவிடாமல் காப்பாராக. ஒன்றை மறக்காதே, நம் ஊர்க்காரர் யாராவது அங்கே வந்தால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே, இதில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. எழுதின பிறகுதான் கவனித்தேன், பார், இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை. அடுத்த வாரம் கோழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அவற்றுக்கு வெட்கம் கிடையாது.

உன் அப்பா,
டவ்வே
(பேனாவில்தான், பெயிண்டில் அல்ல)