சிவப்புக் காலணி

என் அன்பானவளே,

பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கக்கூடாது என்று உன் அம்மா கண்டித்துச் சொன்னார். பிறந்த பிறகும் நான் வாங்கவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த மகள் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவரை எனக்குச் சந்தைப் பக்கம் போகக் கால் எழவில்லை, அவ்வளவுதான்.

நேற்று தொலைபேசியில், அவளை வெளியே எடுத்து உன் மார்பில் போட்டார்கள் என்றாய். இன்று விடிந்ததும் நிஷ் நகரத்துப் பழைய சாமான் சந்தையில் நின்றேன்.

ஸ்தோயங்கா என்ற பெண், தன் மூன்று மகன்களை வைத்துத் தள்ளிய குழந்தை வண்டியை விற்றுக்கொண்டிருந்தாள். சக்கரம் கிறீச்சிடுகிறதே, விலையைக் குறையுங்கள் என்றேன்.

"அந்தச் சத்தத்துலதான் தம்பி என் பசங்க மூணு பேரும் தூங்கினானுங்க. அதுக்குத் தனியா காசு கேக்கணும் நான்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்து, விலையைக் குறைத்து, ஒரு பை நிறையத் துணியும் சும்மா கொடுத்தாள். எல்லாமே நம் மகளுக்குத் தொளதொளவென்று இருக்கும். பக்கத்தில் ஒரு ஜோடி சிவப்புப் பனிக்காலணி கிடந்தது. அதையும் எடுத்தேன்.

"புள்ளைக்கு என்ன வயசு?"

"மூணு வாரம்."

"அப்ப இது எதுக்கு இப்பவே?"

"நடப்பால்ல அக்கா," என்றேன். அவள் காலணியைப் பைக்குள் திணித்துவிட்டாள்.

இது வீண் செலவு என்று நீ திட்டுவாய். தாராளமாகத் திட்டு. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து திட்டு.

உன் கணவன்,
அவளுடைய அப்பா