ஏரிக்கு மேலே நாம் தேர்ந்த மேடு

நேற்று மாலை சூளகிரிக்குப் பக்கத்தில் நெரிசலில் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. ஜன்னலை ஒட்டி ஒரு லாரி. அது நிறைய அப்போதுதான் வெட்டிய தைலமரக் கட்டைகள். அந்தப் பச்சை வாசனை உள்ளே வந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். லாரி நகரும்வரை தளி மலைப்பக்கம் உன்னோடு நின்றுகொண்டிருந்தேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது.

பதினொரு வருடம் ஒரே வயரிங் லைனில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தோம். ஓசூரில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. உனக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. எனக்கு நடக்கவே இல்லை. வேப்பனப்பள்ளிக்காரியான நீ தெலுங்கில் என்னை “ஏமே” என்பாய். கோவில்பட்டிக்காரி நான் “ஏட்டி” என்பேன். ஒரு நாள் கேண்டீனில் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாய்:

“ஏமே, நம்மளச் சுத்தி இத்தனை மலை, இத்தனை ஏரி. பெங்களூர்ல இருந்தெல்லாம் வந்து டென்ட் போட்டுத் தூங்குறாங்க. நம்ம மட்டும் பஸ் ஜன்னல்லயே பாத்துட்டு இருக்கறோம்.”

அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை உன் ஸ்கூட்டரில் இடம் தேடி அலைந்தோம்.

முதல் இடத்தைப் போனில் பார்த்துப் பிடித்தது நான். கழிப்பறை, வேலி, கலர் விளக்கு எல்லாம் உண்டு என்று போட்டிருந்தது. நீ உள்ளே போனதும் யாரையும் எதுவும் கேட்காமல் வெறுந்தரையில் நீட்டிப் படுத்துவிட்டாய்.

“எந்திரிட்டி, ஆளுக பாக்காக.”

“படுத்துப் பாத்தாத்தானே தெரியும்? போட்டோவுலயா தூங்கப் போறோம்?”

அங்கிருந்த மேனேஜர் வந்து நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “ஜென்ட்ஸ் யாரும் வரலைங்களா? லேடீஸ் மட்டும்னா நாங்க குடுக்கறதில்லைங்க.”

“நாங்க கேட்டது டென்டுங்க, மாப்பிள்ளை இல்ல” என்றாய் நீ, முதுகு மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வண்டி தார்ரோட்டுக்கு வந்தபிறகுதான் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது.

அடுத்த ஞாயிறு ஜவளகிரியைத் தாண்டிப் போனோம். மரங்களுக்கு நடுவே ஒரு ஏரி. கரையில் புல் மெத்தை மாதிரி இருந்தது. அன்றைக்கு நானும் உன் பக்கத்தில் படுத்தேன். இதுதான், இதுதான் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோது வனக்காவலர் ஒருவர் பைக்கை நிறுத்தினார். “யானை தண்ணிக்கு இறங்குற தடம்மா இது. நீங்க படுத்துருக்கறது அதுங்களோட ரோட்டுல.” நீ எழுந்து, அவரைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாய்.

மூன்றாவது இடம் தளிக்கு அப்பால், யாரும் சொல்லாமல் நாமே கண்டது. கீழே சின்ன ஏரி, சுற்றிலும் தைலமரம் நிற்கும் குன்றுகள், ராகிக் கொல்லையின் தலைமாட்டில் ஒரு மேடு. கொல்லைக்கார அம்மா கர்நாடகத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கன்னடம் தவிர வேறு தெரியாது. நீ அவரோடு கன்னடத்திலேயே அரைமணி நேரம் பேசினாய். இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். நான் ஒன்றும் விளங்காமல் வரப்பில் நின்றேன்.

“சரின்னுட்டாங்க. மேட்டுல போட்டா மழைத் தண்ணி நிக்காதாம்.”

“இம்புட்டு நேரம் இதையா பேசுனீக?”

“இல்லமே. அவங்க மாமியாரைப் பத்தி.”

அடுத்த வாரம் அங்கே தங்கினோம். கூடாரம் இரண்டு தடவை சரிந்து விழுந்தது. இருட்டுவதற்குள் அந்த அம்மா ராகிக் களியும் கீரையும் கொண்டுவந்தார். பகலெல்லாம் மெஷின் சத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி முதலில் பயமாக இருந்தது. பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விடியும்போது ஏரிமேல் பனி கிடந்தது. நீ எனக்கு முன்னால் எழுந்து கடுங்காப்பி போட்டிருந்தாய். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாய்.

“மார்ல ஒரு கட்டி இருக்குதுமே. டெஸ்ட் எடுத்தேன். அதேதான்னுட்டாங்க.”

“எப்ப?”

“ரெண்டு மாசம் ஆச்சு.”

“ரெண்டு மாசமா? மூணு ஞாயித்துக்கிழமை உன் முதுகுக்குப் பின்னாலதான உக்காந்து வந்தேன். ஒரு வார்த்த சொல்லலையேட்டி.”

“சொல்லிருந்தா நீ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இடம் பாத்துருப்ப.”

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு ஏரிக்கு இறங்கிப் போனேன். பனி முழுக்கக் கலைந்து வெயில் ஏறும்வரை தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். உன்மேல் அப்படி ஒரு கோபம். திரும்பி மேலே வந்தபோது கூடாரத்தை நீ ஒற்றை ஆளாகப் பிரித்து, மடித்து, பைக்குள் திணித்து முடித்திருந்தாய். “வா, போலாம்” என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் பெங்களூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன் தலையைத் துடைத்துவிட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு காலை, நீ அதைச் சொல்லவென்றே தேடிப்பிடித்த இடத்தில், உன்னைத் தனியே விட்டுவிட்டேன். பத்து மாதம் அதைப் பற்றிப் பேச நேரம் இருந்தது; நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசியில் உன் அண்ணன் வந்து உன்னை ஊருக்கு அழைத்துப் போனார். செய்தி கேட்டு நான் வேப்பனப்பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

போன மாதம் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் கேட்டார்கள். “அக்கா, நீங்க டென்ட்ல தங்கிருக்கீங்களாமே, எந்த இடம் நல்லாருக்கும்?” “மறந்துபோச்சு” என்றேன். நீயாக இருந்தால் ஸ்கூட்டரிலேயே கூட்டிப்போய்க் காட்டியிருப்பாய். அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஞாயிறு தனியாகப் பஸ் பிடித்துத் தளிக்குப் போய், இறங்கி நடந்தேன்.

அந்த அம்மா களை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே என் தோளுக்கு மேலாக, நான் வந்த பாதையைப் பார்த்தார்.

“அக்கா பரலில்வா?”

அவ்வளவு கன்னடம் எனக்குப் புரியும். வரவில்லையா என்று கேட்கிறார்.

“பரலில்ல” என்றேன். வரவில்லை.

அதற்கு மேல் சொல்ல எனக்குச் சொல் தெரியவில்லை. அவரிடம் பேசியதெல்லாம் நீதானே. கையை ஒரு தடவை மேலே காட்டியிருந்தால் போதும், எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கியிருக்கும். நான் கையைத் தூக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வா என்று சொன்னதாகப் புரிந்துகொண்டேன். புறப்படும்போது இரண்டு கட்டுக் கீரை பறித்துத் தந்தார். ஒன்றை என் பையில் போட்டார். மற்றதை என் கையில் வைத்து, “அக்கங்கே” என்றார். அக்காவுக்கு.

இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தேன்.

நம் காம்பவுண்டில் கன்னடம் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நீ இறந்துவிட்டாய் என்பதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் இன்னும் யாரையும் கேட்கவில்லை. அந்த ஒரு கொல்லையில் மட்டும் நீ இந்தத் தடவை வராதவள், அவ்வளவுதான்.