ஐம்பதாம் நாள் ஈக்கள்

மார்ச் 3

இன்று என் பழ ஈக்களுக்கு இருபத்தைந்து நாள் வயது. ஐம்பது நாள் தாண்டினால் கிழம். ஒரு வாசனையைக் காட்டி லேசாக ஷாக் கொடுப்பேன். மூன்று மணி நேரம் கழித்து, இரண்டாகப் பிரியும் குழாயில் விடுவேன். இளசுகள் அந்த வாசனைப் பக்கமே போகாது. கிழடுகள் மறந்துபோய் இரண்டு பக்கமும் போகும். பாதிக் குப்பிகளில் வழக்கமான உணவு, மீதியில் நான் கிண்டும் புது உணவு. அது ஞாபகத்தைக் காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கேட்டார்: "பாப்பா, உன் ஈங்க பாஸா பெயிலா?" ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

யாருக்காகக் கிண்டுகிறேன் என்று லேபை நடத்தும் மேடத்துக்குத் தெரியாது.

மார்ச் 9

ரொட்டி வாங்கப் போன அண்ணனைக் காணோம். மூன்று மணி நேரம் தேடி, பஸ் டிப்போவில் கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. நின்றிருந்த பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், இறங்கும்போது விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. "பிரேக் சரியில்லன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கறான்" என்றார், அந்த வலியிலும்.

மார்ச் 14

ஆஸ்பத்திரி.

மார்ச் 21

லேப் போனேன். மூன்று நாளைக்கு ஒருமுறை ஈக்களைப் புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். வழக்கமான உணவுக் குப்பிகளை உதவியாளர் மாற்றியிருந்தார். புது உணவைக் கிண்டத் தெரிந்தவள் நான் மட்டும்தானே, அவை பதின்மூன்று நாளாக அப்படியே கிடந்தன. ஒரு மணிக்கு அண்ணனுக்கு மாத்திரை. அவசர அவசரமாகத் தட்டி மாற்றிவிட்டு ஓடி வந்தேன்.

மார்ச் 28

ஐம்பதாம் நாள் சோதனை. வழக்கமான உணவு: நூற்றுக்கு ஐம்பத்தொன்று ஈக்கள்தான் அந்த வாசனையை ஒதுக்கின. புது உணவு: எழுபத்தெட்டு!

மூன்று தடவை எண்ணினேன். கிழடுகளுக்கு ஞாபகம் இருக்கிறது.

கட்டில் ஓரமாக உட்கார்ந்து அண்ணனிடம் சொன்னேன். "அந்தச் சாப்பாட்டுல எனக்கும் ரெண்டு கரண்டி போடேன்."

ஏப்ரல் 2

படம் எடுக்கலாமென்று புது உணவு ஈக்களை மயக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஐம்பது நாள் ஈக்கு இறக்கை ஓரம் கிழிந்து நைந்திருக்கும். இவற்றுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

முட்டையிலிருந்து ஈ வரப் பத்து நாள் போதும். நான் பதின்மூன்று நாள் விட்டிருக்கேன். கிழடுங்க பாதி செத்துப்போச்சு, சோதனையில பாஸானது அதுங்க பெத்த பிள்ளைங்க. மாத்துறப்பவே குப்பிச் சுவர்ல கூட்டுப்புழு ஓடு ஒட்டியிருந்திருக்கும். கண்ணை எங்கடி வச்சிருந்த?

ஏப்ரல் 3

மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது, மேடம்."

வாய் திறக்காமல் இருந்திருந்தால் என் ஒப்பந்த வேலை இன்னும் இரண்டு வருடம் நீண்டிருக்கும், அது அவருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முதல்லேர்ந்து செய்மா."

அண்ணனிடமும் சொன்னேன். சிரித்தார். "அப்பன் இடத்துல பிள்ளை உக்காந்து பரீட்சை எழுதிட்டானா. கெட்டிக்காரப் பயலுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எனக்கு இல்லையா?"

நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 30

மூன்று நாளைக்கு ஒருமுறை, தவறாமல், மாற்றிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் ஈக்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மே 25

புது உணவு: நாற்பத்தொன்பது. வழக்கமான உணவு: ஐம்பது.

அவ்வளவுதான்.

மே 26

மதியம் சூப் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். யாரோ விருந்தாளி என்று முதலில் திரும்பிப் பார்த்தேன்.

"என் தங்கச்சி வேலைக்குப் போயிருக்கா. லேப்ல ஈங்களுக்குப் பாடம் நடத்துறா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

"கிழட்டு ஈங்களுக்கெல்லாம் ஞாபகம் வந்துடுச்சாம். அவளே சொன்னா. எனக்கும் ரெண்டு கரண்டி கொண்டாரேன்னிருக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ வர்ற நேரந்தான்."

இல்லை அண்ணே, தப்பாகிவிட்டது என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சூப்பை ஆற்றி நீட்டினேன்.

"ரொம்ப நன்றிங்க" என்று வாங்கிக்கொண்டார்.