அவர் சாப்பிட்ட இலை

12-7-1961, புதன்

குற்றாலத்துச் சாமி சமாதியாகும் முன் என் கணவரின் காதில்தான் மந்திரத்தைச் சொன்னாராம். முருகனே உடம்பெடுத்து வந்ததாகச் சாமியை நம்பியவர்கள், இப்போது இவரை அப்படிச் சொல்கிறார்கள்.

இன்று பகலில் சீடர்கள் இவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இவர் சாப்பிட்டு எழுந்ததும், வழக்கம்போல அதே இலையில் சோறு போட்டுக்கொள்ள உட்கார்ந்தேன். சுரண்டையிலிருந்து வந்த பெரியவர் தடுத்தார்.

“ஆச்சி, இலையைத் தொடாதீய. சாமி இப்ப இவுக உடம்புலல்லா இருக்காக. இது பிரசாதம்.”

நான் இவரைப் பார்த்தேன்.

“அவுக சொல்லுதபடி செய்,” என்றார்.

மிச்சச் சோற்றை உருட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். நானும் வரிசையில் நின்று ஓர் உருண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அழுகை ஒன்றும் வரவில்லை.

வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது, குழம்பில் உப்பே போடவில்லை. உப்பு ஒரு கல் குறைந்தாலும் இலையைத் தள்ளிவிட்டு எழுந்து கத்துகிற மனுஷன். இன்று ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.