ஹீட்டர் இல்லாத சிவப்புக் கார்

நேற்று என் மகள் என்னைப் பழைய கார்கள் விற்கும் ஒரு ஷோரூமுக்கு அழைத்துப் போனாள். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்திருக்கிறது. வெயிலில் நின்றிருந்த ஒரு காரின் கதவை விற்பனையாளர் திறந்துவிட்டார். சூடேறிய தோல் இருக்கையின் வாசனை முகத்தில் வந்து மோதியது. அவ்வளவுதான். செகந்திராபாத் போலாரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் உன் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

“ஸன்ரூஃப் லேது அம்மா, கேமரா லேது, ஸோ பிரைஸ் தக்குவ,” என்றாள் மகள். நான் தமிழில் பேசினால் அவளிடமிருந்து பதில் இப்படித் தெலுங்கில்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். அதெல்லாம் இல்லை, அதனால் விலை குறைவு என்கிறாள்.

“முதல்லேருந்தே இல்லையா, இருந்ததை எடுத்துட்டாங்களா?” என்று கேட்டேன். விற்பனையாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது என் கேள்வி அல்ல, உன்னுடையது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

எழுபதுகளின் தொடக்கம் அது. தோழிகள் நாம் இருவரும் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகள், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். நீ மதுரையிலிருந்து தனியாக வந்து மாரெட்பள்ளியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தாய். உனக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. வருகிற பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது சரி, இது தள்ளு என்று சொல்கிற வேலை. அது உன்னை வீடு வரைக்கும் விடாது. ஓட்டலில் காபி டம்ளரைக்கூடத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாய்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து உனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். உன் வீட்டுக்கார அம்மா சிரித்தார். “ரெண்டு பேர்தான் உக்காரலாமாமே? உனக்குத்தான் ரெண்டாவது ஆளே இல்லையேம்மா.”

“ஒரு சீட்டு போதும்னா சைக்கிள் வாங்கியிருப்பேங்க. இன்னொரு சீட்டுல இவ உக்காருவா,” என்று நீ என்னைக் காட்டினாய்.

போலாரத்தில் ஒரு கர்னல் இறந்துபோய், அவருடைய கார் விலைக்கு வந்திருக்கிறது என்று ஒரு புரோக்கர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். பெரிய மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய பங்களா. கர்னலின் மனைவி குடகுக்காரர். நீலகிரியில் உள்ள வெலிங்டனில் பல வருஷம் இருந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசினார். நாம் அவரைக் கர்னலம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

கொட்டகையில் மங்கிய சிவப்பு நிறத்தில் அந்தக் கார் நின்றது. தரையோடு தரையாக, பதுங்கி உட்கார்ந்த பூனை மாதிரி. கர்னல் பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. உன் முகத்தைப் பார்த்ததும், இந்தப் பெண்ணிடம் பேரம் பேசுவது சுலபம் என்று புரோக்கர் நினைத்திருப்பார். ஆனால் அவர் விலையை உயர்த்தவில்லை. இறக்கினார். அவரே வாங்கிப் பம்பாயில் விற்கலாம் என்ற கணக்கும் அவரிடம் இருந்தது.

“சப் நிகால் லியே அம்மா, எல்லாத்தையும் கழட்டிட்டாங்க,” என்றார் அவர். “ஹீட்டர் நை, ரேடியோ நை, ஓவர்டிரைவ் நை. இந்த மாதிரி வண்டிக்குக் கம்பி வீல் இருக்கணும். இதுல சாதா வீல். வெறும் கூடு இது.”

கர்னலம்மா தலையைக் குனிந்துகொண்டார். “எல்லாம் இருந்துச்சு. எது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது, ஆனா அவர் எல்லாம் வெச்சுத்தான் வாங்கினதா எப்பவும் சொல்வார். கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்வார். அவர் படுக்கையில விழுந்தப்புறம் டிரைவர் ஒவ்வொண்ணா எடுத்து வித்துட்டான்.”

“எடுத்ததைப் பாத்தீங்களா?” என்று கேட்டாய்.

“கார்ல இல்லையே. வேற யார் எடுத்திருப்பா?”

டிரைவர் பெயர் யூசுப் பாய். பாகங்கள் இல்லை என்று தெரிந்த அன்றைக்கே அவரை அந்த அம்மா வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். செய்தி பரவி, போலாரம் பங்களாக்கள் எதிலும் அவரை யாரும் சேர்க்கவில்லை. மளிகைக்கடை ஒன்றில் மூட்டை இறக்குகிறார் என்று புரோக்கர் சாதாரணமாகச் சொன்னார். நீ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஒரு சாக்கு கிடைக்குமா?” என்று கேட்டாய்.

சாக்கை விரித்து நீ காருக்கு அடியில் நுழைந்ததும் கர்னலம்மா வாயைப் பொத்திக்கொண்டார். உன் கைப்பையிலிருந்த வட்டக் கண்ணாடியை நீ கேட்டாய், நான் கொடுத்தேன். டார்ச் கேட்டாய், கொடுத்தேன். அதன்பிறகு உள்ளேயிருந்து உன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“ஏய், இங்க குனிஞ்சு பாரு. கம்பி வீல் மாட்டணும்னா அச்சு முனையில பல் பல்லா வெட்டியிருக்கும். இதுல போல்ட்டு மாட்டுற முனைதான் இருக்கு. வீலைத் திருடலாம்டி. அச்சையுமா மாத்திட்டுப் போவான்?”

வெளியே வந்து பானெட்டைத் திறந்தாய். ஹீட்டர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு தகட்டு மூடி. திருகுகளின் மேல் காரின் சிவப்புப் பெயின்ட் அப்படியே மூடிக் கிடந்தது. ஒருமுறைகூடத் திருப்புளி பட்டதில்லை. டேஷ்போர்டில் ரேடியோவுக்கான இடத்தையும் ஒரு தகடு மூடியிருந்தது. அதைக் கழற்றிப் பின்பக்கம் கண்ணாடியைக் காட்டினாய். ரேடியோவைத் தாங்கும் பட்டை எதுவும் அங்கே இருந்த தடம் இல்லை. ஓவர்டிரைவ் என்பது கியருக்கு மேல் இன்னொரு கியர் மாதிரி, நெடுந்தூர ஓட்டத்துக்கு என்று எனக்கு விளக்கினாய். அதற்கான ஒயர்கூட அந்தக் காரில் ஓடவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே என் காதில் சொன்னாய்: “எதையும் யாரும் எடுக்கலை. இது எதுவுமே இல்லாமதான் ஃபேக்டரியை விட்டு வந்திருக்கு.”

அன்று அதைக் கர்னலம்மாவிடம் நீ சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாக விடைபெற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் திருமலகிரி தாண்டியதும் பேசினாய்.

“சொல்லாம விட்டா, அடுத்த மாசம் கார் நம்ம வாசல்ல நிக்கும். புரோக்கர் சொல்ற விலைக்கு மேல கொஞ்சம் கொடுத்தா போதும், அந்தம்மா கொடுத்துருவாங்க.”

“சொன்னா?”

“சொன்னா, அது கொள்ளை போன வண்டி இல்லை, முழு வண்டி. விலை ஏறும். என் கைக்கு எட்டாது. அதுகூடப் பரவாயில்லடி. புருஷன் எல்லாம் வெச்சு வாங்கினார்னு அந்தம்மா இத்தனை வருஷம் நம்பிட்டிருக்காங்க. அதை நான் போய் உடைக்கணும்.”

“அப்ப யூசுப் பாய்?”

“அதான். அந்த மனுஷன் மூட்டை தூக்கிட்டிருக்க, நான் அந்த வண்டியில உக்காந்து ஓட்டவா முடியும்?”

அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். நீ சுற்றி வளைக்காமல் சொன்னாய். அவரைக் கொட்டகைக்கே கூட்டிப் போய், டார்ச் அடித்து, திருகுகளின் மேலிருந்த பெயின்ட்டைத் தொட்டுப் பார்க்க வைத்தாய். முதலில் அவர் கோபப்பட்டார். “என் ஹஸ்பண்ட் பொய் சொல்றவர் இல்லை,” என்றார். பிறகு அந்தத் தகட்டின் மேல் விரலை வைத்தபடியே நின்றார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

“வெலிங்டன் குளிர் உங்களுக்குத் தெரியுமா? கார்ல போறப்ப ஹீட்டர் போடுங்கன்னு கெஞ்சுவேன். ‘வேண்டாம், எஞ்சினுக்கு நல்லதில்லை’ன்னு சொல்லி, அவர் கோட்டைக் கழட்டி எனக்குப் போர்த்திவிடுவார். ஒவ்வொரு தடவையும்!”

சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்தார். நீ அவருடைய தோளில் கை வைத்தாய். கை முழுக்க கிரீஸ், அவருடைய வெள்ளைப் புடவையில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யூசுப் அப்பவே சொன்னான். ‘தா ஹீ நை மேம்சாப், இருந்ததே இல்லை’ன்னு. நான்தான் கேக்கலை. அவன்கிட்டப் போகணும், வண்டியை எடு,” என்று உன்னிடம் சொன்னார்.

இரண்டு இருக்கைகளில் நீயும் அவரும். இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடுக்கில் நான், முழங்கால் மோவாயில் இடிக்க. போலாரம் பஜாரே திரும்பிப் பார்த்தது.

யூசுப் பாய் மளிகைக்கடை வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, அதில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இறுகியது. கர்னலம்மா இறங்கி, அத்தனை பேர் முன்னாலும் உரக்கச் சொன்னார்: “கல்தி மேரி தீ, யூசுப். தப்பு என்னோடது. நீ எதையும் எடுக்கலை.” மறுபடி வேலைக்கு வரும்படி கூப்பிட்டார்.

அவர் “நக்கோ மேம்சாப்,” என்றார். வேண்டாம் என்பதை அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நாம் கிளம்பும்போது பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தண்ணி யாரும் ஊத்தலையா?” என்று உன்னைத் திட்டினார். நீ தலையாட்டிக்கொண்டாய். அடுத்த மாதமே ஒரு டாக்டர் வீட்டில் டிரைவராகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். அங்கே பேசி ஏற்பாடு செய்தது கர்னலம்மாதான்.

விலை பேசியது அதற்குப் பிறகு, பங்களா வராந்தாவில். “நீயே சொல், இதோட நியாயமான விலை என்ன?” என்று கர்னலம்மா உன்னிடமே கேட்டார். புரோக்கரும் இருந்தார்.

“ஹீட்டர் இல்லைன்னா லண்டன்ல விலை குறையும். செகந்திராபாத் வெயில்ல எதுக்குக் குறையணும்? கம்பி வீல் பாக்க அழகு. ஒரு கம்பி தளர்ந்தா இங்க யாரு சரி பண்ணுவா? சாதா வீல்தான் நல்லது. ரேடியோவை எப்ப வேணா வாங்கி மாட்டலாம். ஓவர்டிரைவ் இல்லாததுக்குக் கொஞ்சம் குறைக்கலாம், அதைப் பின்னாடி சேர்க்கிறது கஷ்டம்.” பிறகு வராந்தாவை ஒட்டி நின்ற காரின் கதவு மேல்விளிம்பைத் தடவினாய். “நிஜமாவே காணாமப் போனது ஒண்ணு இருக்கு. இங்க மாட்டுற பக்கவாட்டு ஜன்னல். மாட்டிக் கழட்டின தேய்மானம் தெரியுது பாருங்க. மழைக்கு அது வேணும். அதுக்கு நல்லாவே குறைக்கணும்.”

கர்னலம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். “மஞ்சளாப் போன பிளாஸ்டிக் ரெண்டு கிடந்துச்சு. குப்பைன்னு நான்தான் தூக்கிப் போட்டேன்.”

புரோக்கர் எழுந்துவிட்டார். “அம்மா, நீங்க வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?”

நீ சொன்ன விலை உன்னிடம் இல்லை. அதையும் நீயே சொல்லிவிட்டுக் கிளம்பினாய். கர்னலம்மா குறைக்கிறேன் என்றார். நீ சம்மதிக்கவில்லை. “நான் சொன்ன விலை சரின்னா சரிதாங்க. எனக்காக அது மாறக்கூடாது,” என்றாய். பஸ் ஸ்டாப்பில் உன் கண்கள் கலங்கியிருந்தன. தூசி என்றாய்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மாதக்கணக்கில் ஆட்கள் அந்தக் காரைப் பார்க்க வந்தார்கள். கம்பி வீல் இல்லையா என்பார்கள், ரேடியோ இல்லையா என்பார்கள், போய்விடுவார்கள். விலை அதிகம் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். மழைக்காலம் முடிந்து, நமக்குச் சம்பள பாக்கியும் போனஸும் சேர்ந்து வந்தபோது கார் அதே கொட்டகையில் நின்றது. நீ சொன்ன அதே விலையைக் கொடுத்து வாங்கினாய். சாவியை வாங்கிய கையோடு என்னிடம் சொன்னாய்: “பாத்தியா, இல்லாதது எல்லாம் விலையைக் குறைக்கலை. கேக்குற ஆளைத்தான் குறைச்சிருக்கு.”

அந்தக் காரில் எத்தனை முறை நனைந்திருப்போம்! ஜன்னல் கடைசிவரை கிடைக்கவில்லை. உசேன் சாகர் கரையில் மழை பிடித்தால் நீ ஓட்டுவாய், நான் குடையைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிப்பேன். தொழிற்சாலை வாசலில் காவலாளி முதலில் சல்யூட் அடித்துவிட்டு, இறங்குவது நீ என்று பார்த்ததும் சிரிப்பார். சல்யூட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை.

ஓட்டும்போதெல்லாம் நாம் பேசியது ஒன்றே ஒன்று. கர்னல் ஏன் அப்படிச் சொன்னார்? கையில் பணம் போதாமல் இருந்திருக்கும், கௌரவத்துக்காகச் சொல்லியிருப்பார் என்பேன் நான். அவ்வளவு கௌரவம் பார்க்கிறவர் கடன் வாங்கியாவது ரேடியோ மாட்டியிருப்பார் என்று நீ தள்ளிவிடுவாய். ஒருநாள் நீ ஒன்று சொல்வாய், அதை நான் உடைப்பேன். நீ நோயில் விழுந்து, உன் தம்பி உன்னையும் காரையும் மதுரைக்குக் கொண்டுபோன பிறகும், உன் கடைசிக் கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு காரணம் எழுதியிருந்தாய். அதுவும் தேறாது என்று பதில் எழுதினேன். அது போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீ கற்றுக்கொடுத்த கார் ஓட்டும் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது. அதைவிட அதிகமாக என்னோடு தங்கிவிட்டது அந்தக் கேள்விதான். நேற்று ஷோரூமிலிருந்து திரும்பும்போது புதிதாக ஒன்று தோன்றியது. கப்பலிலிருந்து கார் இறங்கிய நாளில், கர்னலம்மா ஆசையாக, “எல்லாம் இருக்கா?” என்று கேட்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக் கர்னல், “எல்லாம் இருக்கு,” என்று சொல்லியிருப்பார். பொய் சொல்ல நினைத்தே இருக்க மாட்டார். சொன்ன பிறகு மாற்ற வழி இல்லாமல், காலம் முழுக்கக் கோட்டைக் கழற்றிப் போர்த்திக்கொண்டே இருந்திருப்பார்.

“ஆதாரம் என்னடி?” என்பாய். ஆதாரம் இல்லை. இதையும் நீ தள்ளிவிடுவாய் என்று தெரியும். சரி, நாளைக்கு வேறொன்று யோசிக்கிறேன்.